பெயரும் பட்டமும்

வேதாகமத்தைத் தமிழிற் படிக்கும் நம்மவர், தேவன், கர்த்தர், ஆண்டவர் என வரும் சொற்களை ஒரு பொருட் சொற்கள் என்றெண்ணிக் கடந்துவிடுவது வழக்கம். எபிரேய மூலத்திலோ அவை ஒன்றல்ல. ஒன்று பொதுப்பெயர், ஒன்று இயற்பெயர், மற்றொன்று எசமானைக் குறிக்கும் பட்டம்.

ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் வருவது 'எலோகிம்'. இதிலுள்ள 'இம்' பன்மை விகுதி. ஆயினும் இதனோடு முடியும் 'பாரா' என்னும் வினை ஒருமை. இதனைத் திரித்துவத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அஃது எமக்கு வலிந்து கொண்ட பொருளாகவே தோன்றுகின்றது. நியாயாதிபதிகள் ஆகமத்திலே கேமோஷ் என்னும் அந்நியத் தெய்வம் ஒன்றும் இதே சொல்லாற் குறிக்கப்படுகின்றதன்றோ? பெருமை பற்றி வந்த பன்மை என்பதே பொருந்தும். நாமும் 'கடவுள் படைத்தார்' என்கிறோம். பெயர் ஒருமை, விகுதி பலர்பாலுக்குரியது. எபிரேயர் பெயரில் வைத்த மரியாதையை நாம் வினையில் வைத்தோம்.

இயற்பெயரின் கதை வேறு. யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு மெய்களால் ஆகிய அப்பெயர் 6,800 இடங்களுக்கு மேல் வருகின்றது. பிற்கால யூதர் அதனை வாயாற் சொல்ல அஞ்சி, 'என் ஆண்டவர்' எனப் பொருள்படும் 'அதோனாய்' என்றே வாசித்தனர். ஏழாம் நூற்றாண்டு முதலாக மசோரெத்தியர் என்னும் அறிஞர் மூலத்துக்கு உயிர்க்குறி இட்டபோது, வாசிப்போருக்கு நினைவூட்டும் பொருட்டு, அந்நான்கு மெய்களுக்கும் பெரும்பாலும் அதோனாயின் உயிர்களையே தழுவி இட்டனர். குறிப்பறியாத ஐரோப்பியர் இரண்டையும் கூட்டி வாசிக்கப் பிறந்ததே 'யேகோவா'. எழுத்துக்கே உயிர், மெய் எனப் பெயரிட்ட நமக்கு இது நன்கு விளங்கும்: ஒரு பெயரின் மெய்யில் வேறொரு பெயரின் உயிர், கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதைதான். 'யாவே' என்பதே பழைய ஒலிப்புக்கு அணித்தென்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு.

பொருள் யாது? மோசே பெயர் கேட்டபோது கிடைத்த விடை 'எஹ்யே அஷெர் எஹ்யே' என்பது. 'எஹ்யே' இருத்தல் வினையினின்று வந்தது. 'இருக்கிறேன்' எனவும் 'இருப்பேன்' எனவும் பொருள் தரும். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் 'உள்ளவன்' எனத் தத்துவமாக்கினர். பார்வோனிடம் போக அஞ்சி நின்ற மோசேக்கு வேண்டியிருந்தது தத்துவமோ? இரண்டு வசனங்களுக்கு முன்னர்த்தான் அதே சொல் துணையாய் உடனிருத்தலைக் குறித்து வந்துள்ளது. ஆதலின் 'இருப்பேன்' என்பதே எமது கட்சி.

இனித் தமிழுக்கு வருவோம். பப்ரீசியுஸ் ஐயர் பராபரன் என்றார். 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் தேவன் என்றது. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் உழைத்த பதிப்பு 1850இல் வந்தது. பொதுப்பெயர் பற்றி இத்துணை மாற்றம் நிகழ்ந்தும், இயற்பெயர் நின்ற இடத்திற் 'கர்த்தர்' என்னும் பட்டமே நிலைத்தது. அது யூதர் வாசிப்புக்கும் கிரேக்க வழக்குக்கும் ஒத்தது, குறை சொல்வதற்கில்லை. வழிபாட்டில் அப்பெயரை உச்சரித்தலாகாதென வத்திக்கானும் 2008இற் பணித்தது. நாவடக்கம் நன்றே. ஆனால், ஏட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பும் ஆகாதா? ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் இயற்பெயர் நின்ற இடத்தைப் பெரிய எழுத்துகள் காட்டிக்கொடுக்கின்றன. நம் எழுத்திற் பெரிதும் சிறிதும் இல்லை. குறிப்பு இன்றேல் வாசகர் அறிய வழியில்லை.

ஆகாரை நோக்குக. எகிப்திய அடிமைப்பெண், கர்ப்பவதி, எசமானிக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடியவள். அங்கே தன்னைக் கண்டவருக்கு அவள் 'எல் ரோயி' எனப் பெயரிட்டாள். வேதத்தில் இறைவனுக்கு முதன்முதற் பெயர் சூட்டியவள் இவளே. 'காண்கின்ற தேவன்' என அது பெயர்க்கப்பட்டமையால், ஒரு பெயராகவே அது கண்ணிற் படுவதில்லை. அவள் நின்ற துரவின் பெயரை மட்டும் மூலவொலி கெடாமல் 'லாகாய்ரோயீ' எனத் தமிழில் விட்டிருக்கின்றனர். அதன் ஈற்றில் நிற்கும் 'ரோயீ' அவள் இட்ட பெயரே என்று அவ்விடத்தில் எவரும் நமக்குச் சொல்லவில்லை.