இரண்டு டாலர் ஹாட் டாக்கின் கணக்கு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில் 2017 ஆகஸ்டில் மெர்சிடிஸ்-பென்ஸ் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. சுமார் 71,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கின் கட்டுமானச் செலவு 150 கோடி டாலர் அளவிலானது. இதழ்போல் விரிந்து மூடும் அதன் கூரையைப் பற்றிப் பொறியாளர்கள் வியந்து எழுதினார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்களைக் கவர்ந்ததோ உணவுக் கடைகளில் தொங்கிய விலைப்பட்டியல். ஹாட் டாக் 2 டாலர், பாப்கார்ன் 2 டாலர், தண்ணீர் பாட்டில் 2 டாலர், ஒரு துண்டு பீட்சா 3 டாலர், ஒரு கோப்பை பீர் 5 டாலர். 2 டாலர் கொடுத்துக் குளிர்பானக் கோப்பை வாங்கினால் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக் கொள்ளலாம்.

அமெரிக்க விளையாட்டரங்குகளின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது நம்பமுடியாத பட்டியல். அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி அதற்கு முன் ஆடிய ஜார்ஜியா டோம் அரங்கின் விலைகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதி. ஃபால்கன்ஸ் ஆடுவது பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. நாம் அறிந்த கால்பந்தை ஆடும் அட்லாண்டா யுனைடெட் அணிக்கும் இதுவே தாயகம். இரு அணிகளின் உரிமையாளரும் ஒருவரே: ஹோம் டிப்போ நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஆர்தர் பிளாங்க்.

அரங்குகளில் உணவு ஏன் யானை விலை விற்கிறது? உள்ளே நுழைந்தவர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது பெரும்பாலும் இயலாது. வெளியுணவைக் கொண்டுவருவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. போட்டியில்லாத இடத்தில் விலை ஏறும். மல்டிபிளெக்ஸ் திரையரங்கில் குழந்தைக்குப் பாப்கார்ன் வாங்கித் தந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இது பாதி விடைதான்.

மறுபாதி ஒப்பந்தத்தில் இருக்கிறது. அமெரிக்க அரங்குகளில் உணவு விற்பது பொதுவாக அணி அன்று. ஒப்பந்த நிறுவனம் ஒன்று. அந்நிறுவனம் தன் விற்பனை வருவாயில் கணிசமான பங்கை அணிக்குத் தர வேண்டும். நூறு டாலருக்கு விற்றால் நாற்பது டாலர் அணிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி அறுபதில் பொருளுக்கும் ஆளுக்கும் செலவழித்துத் தன் இலாபத்தையும் எடுத்தாக வேண்டிய நிறுவனம் விலையை எந்த உயரத்தில் வைக்கும்? ஒரே பண்டத்தின் மேல் இருவர் அடுத்தடுத்து இலாபம் ஏற்றும்போது, ஒருவரே விற்றிருந்தால் இருக்கக்கூடிய விலையையும் அது தாண்டிவிடுகிறது. முற்றுரிமையாளர் ஒருவரைக் காட்டிலும் ஒருவர்மேல் ஒருவராக அமர்ந்த இருவர் நுகர்வோருக்குக் கேடானவர்கள் என்பது பொருளியலில் நெடுநாள் அறிந்த பாடம். மாணவர்கள் இதை முதலில் நம்ப மறுப்பார்கள். கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

அட்லாண்டாவில் அறுக்கப்பட்டது இந்த முடிச்சு. அரங்கை இயக்கும் உரிமை அணியின் கையில் இருந்தது. உணவு நடத்தும் லெவி நிறுவனத்துக்கு விற்பனையில் பங்கு என்ற முறை கைவிடப்பட்டு, நிர்வாகக் கட்டணம் என்ற முறை வந்தது. விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் முழுவதும் அணியிடம் சேர்ந்தது. வரியையும் உள்ளடக்கி விலைகளை முழு டாலராக வைத்தார்கள். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். சில்லறை எண்ண வேண்டாம், வரிசை விரைந்து நகரும். இடைவேளையின் சில நிமிடங்களில் எத்தனை பேருக்கு விற்க முடிகிறது என்பதே இத்தொழிலின் உயிர்நாடி. குளிர்பானத்தை வாடிக்கையாளரே நிரப்பிக்கொள்ளும்படி செய்ததிலும் இதே கணக்கு இருக்கிறது. பானத்தின் அடக்கவிலை அற்பம். வரிசையில் நிற்போரின் நேரமும் ஊற்றித் தரும் ஊழியரின் கூலியுமே விலைமதிப்புள்ளவை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட சிக்-ஃபில்-ஏ உணவகத்துக்கும் இந்த அரங்கில் கடை உண்டு. சமய நம்பிக்கை காரணமாக அந்நிறுவனம் ஞாயிறன்று எங்கும் கடை திறப்பதில்லை. ஃபால்கன்ஸ் அணியின் ஆட்டங்களோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். இலாபக் கணக்கு ஒன்றே எல்லாரையும் இயக்குகிறது என்று பாடம் நடத்தும் எங்களைப் போன்றவர்களை அந்தப் பூட்டிய கடை கொஞ்சம் அடக்கி வைக்கும்.

முதல் பருவம் முடிந்ததும் நிர்வாகம் ஒரு செய்தியை வெளியிட்டது. விலை பாதியாகக் குறைந்தும் ஒரு ரசிகர் உணவுக்குச் செலவழித்த சராசரித் தொகை முந்தைய ஆண்டைவிட 16 சதவீதம் உயர்ந்தது. ஊடகங்கள் இதைக் கொண்டாடின: விலையைக் குறைத்தால் இலாபம் கூடும், பேராசைக்குத் தோல்வி, நல்ல மனத்துக்கு வெற்றி. இங்குதான் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முன்பு ஒருவர் 100 ரூபாய்க்கு உண்டார் என்று கொள்வோம்; அதில் பொருளின் அடக்கவிலை 20 என்பது என் அனுமானம். இலாபத்துக்கும் பிற செலவுகளுக்கும் எஞ்சியது 80. இப்போது அவர் 116 ரூபாய் தருகிறார், விலை பாதி. அப்படியெனில் அவர் உண்ணும் அளவு 2.32 மடங்காகியிருக்கிறது. பொருளின் அடக்கவிலையும் அதே மடங்கில் உயர்ந்து 46.40 ஆகும். எஞ்சுவது 69.60. வருவாய் ஏறியிருக்கிறது, கையில் நிற்பது குறைந்திருக்கிறது. இரண்டு மடங்குக்கு மேல் சமைத்துப் பரிமாறத் தேவைப்படும் கூடுதல் ஆட்களின் கூலியை இதில் நான் சேர்க்கவே இல்லை. உண்மையான அடக்கவிலை என் அனுமானத்தைவிடக் குறைவாக இருக்கலாம்; எல்லாப் பண்டங்களின் விலையும் பாதியாகவில்லை; புதிய அரங்கைக் காணும் ஆர்வமும், முன்னைவிட மிகுதியான விற்பனை முனைகளும் தம் பங்கைச் செய்திருக்கும். ஆனாலும் ‘ரசிகர் கூடுதலாகச் செலவழித்தார்’ என்பதிலிருந்து ‘உணவில் இலாபம் கூடியது’ என்ற முடிவுக்குத் தாவ இயலாது. இரண்டையும் ஒன்றாக எண்ணிய தலையங்கங்கள் பல.

உணவில் விட்டது வேறெங்கோ வந்திருக்க வேண்டும். எங்கே என்பதும் மறைபொருளன்று. முன்பெல்லாம் அரங்குக்கு வெளியே, வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டுவிட்டு, ஆட்டம் தொடங்கும் வேளையில் உள்ளே வருவது அமெரிக்க ரசிகர்களின் வழக்கம். இப்போது ஆயிரக்கணக்கானோர் இரண்டு மணி நேரம் முன்னதாகவே உள்ளே வந்தார்கள். முன்னதாக வந்தவர் அணியின் சட்டையும் தொப்பியும் வாங்குகிறார். விளம்பரதாரர்களின் பலகைகளை நெடுநேரம் பார்க்கிறார். வாயில்களில் நெரிசல் குறைகிறது. தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ரசிகர்களிடம் நடத்தும் கருத்தறிதலில் உணவு குறித்த இனங்களில் அட்லாண்டா முதலிடம் பிடித்தது. அந்த நற்பெயர், பருவச் சீட்டைப் புதுப்பிக்கும் நேரத்தில் பணமாகிறது.

அந்தச் சீட்டின் விலையை இனிப் பார்க்கலாம். ஃபால்கன்ஸ் அணியின் பருவச் சீட்டை வாங்க வேண்டுமானால் முதலில் இருக்கை உரிமம் ஒன்றை வாங்க வேண்டும். சீட்டை வாங்கும் உரிமைக்கு மட்டும் செலுத்தும் ஒருமுறைக் கட்டணம் அது. மேல் கோடியில் 500 டாலரில் தொடங்கி, மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அருகில் 45,000 டாலர் வரை போனது. சீட்டின் விலை அதற்கு மேல். 45,000 டாலர் உரிமக்காரரும் 2 டாலர் ஹாட் டாக்கைத்தான் உண்கிறார்.

வால்டர் ஓய் என்ற பொருளியலாளர் 1971-இல் டிஸ்னிலாந்தை எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவர்களாக இருந்தால், முற்றுரிமையாளர் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் அடக்கவிலைக்கு அருகில் விற்றுவிட்டு, வாயிலில் மொத்தமாக வசூலிப்பதே அவருக்கு மிகுந்த ஆதாயம் என்பது அதன் சாரம். அட்லாண்டாவின் விலைப்பட்டியல் அந்தப் பாடத்தின் செயல்முறை வடிவம். அதே ஜார்ஜியாவில், அகஸ்டா மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் சீஸ் சாண்ட்விச்சை ஒன்றரை டாலருக்குத் தருகிறார்கள். ஆனால் அங்கு நுழைவதற்கான சீட்டுக்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.

எதிர்முறை ஒன்றும் இருக்கிறது. திரையரங்குகளில் சீட்டு மலிவு, திண்பண்டம் விலை மிகுதி. நாம் இதைக் கொள்ளை என்று ஏசுகிறோம். ஸ்பெயின் நாட்டுத் திரையரங்குகளின் தரவுகளைக் கொண்டு ரிக்கார்ட் கில், வெஸ்லி ஹார்ட்மேன் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது. பாப்கார்னுக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயாரானவர்கள் படத்துக்கும் கூடுதலாகக் கொடுக்கத் தயாரானவர்களே; அவர்களிடம் தின்பண்டத்தில் வாங்கிக்கொள்வதால் சீட்டின் விலையைத் தாழ்த்தி வைக்க முடிகிறது. வசதி குறைந்தவர் வீட்டிலேயே உண்டுவிட்டு வந்து படத்தை மட்டும் பார்க்கலாம். ஏழையின் கண்ணோட்டத்தில், மலிவான வாயிலும் விலையுயர்ந்த பாப்கார்னும் கொண்ட அரங்கா, விலையுயர்ந்த வாயிலும் மலிவான ஹாட் டாக்கும் கொண்ட அரங்கா, எது நல்லது? என் விடை முன்னதே. பசியோடு ஆட்டம் பார்த்துவிடலாம். சுவருக்கு வெளியே நின்று பார்க்க இயலாது.

இதனால் பிளாங்கின் செயலை நான் சிறுமைப்படுத்தவில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் உள்ளே சென்றபின் பணப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு அமர வேண்டியதில்லை என்பது உண்மையான நன்மை. 2019 மார்ச்சில் ஹாட் டாக்கின் விலையை ஒன்றரை டாலராக மேலும் குறைத்தார்கள். 2019 பிப்ரவரியில் அங்கு சூப்பர் பௌல் இறுதியாட்டம் நடந்தபோதும் விலையை உயர்த்தவில்லை. மறுவிற்பனையில் நுழைவுச் சீட்டு ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறிய நாள் அது! பால்டிமோரின் ரேவன்ஸ் அணி 2018-இல் விலைகளைக் குறைத்தது. ஃபீனிக்ஸ் நகரின் கூடைப்பந்து அணி பின்னர் 2 டாலர் பட்டியல் ஒன்றை அறிவித்தது. பெரும்பாலான மற்ற அரங்குகள் அசையவில்லை. ஒப்பந்த நிறுவனத்தின் பங்குத் தொகையை விட்டுக்கொடுக்க அவற்றுக்கு மனமில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

2019 மார்ச்சில் இந்த அரங்கம் ரொக்கத்தையும் கைவிட்டது. அட்டை அல்லது கைப்பேசி வழியாக மட்டுமே பணம் செலுத்த முடியும். ரொக்கத்தைப் போட்டால் முன்பண அட்டை தரும் இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். விரைவுக்கு இது நல்லதுதான். வங்கிக் கணக்கே இல்லாத குடும்பங்கள் அமெரிக்காவிலும் உண்டு, அவை பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் குடும்பங்களைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அரங்கின் மேற்கே இருக்கும் வைன் சிட்டியும் இங்கிலிஷ் அவென்யூவும் அட்லாண்டாவின் மிக வறிய பகுதிகள். மார்ட்டின் லூதர் கிங் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு வைன் சிட்டியில்தான் இருக்கிறது. கறுப்பின மக்களின் இரண்டு பழைய தேவாலயங்களை விலைக்கு வாங்கி இடித்து, அந்நிலத்தையும் சேர்த்துத்தான் அரங்கம் எழுந்தது. அரங்கம் மாநில அரசின் அமைப்புக்குச் சொந்தமானது, அணி குத்தகைதாரர். கட்டுமானத்துக்கு 20 கோடி டாலர், விடுதி வரியைப் பிணையாக வைத்துப் பெற்ற பொதுக் கடன் பத்திரங்களிலிருந்து வந்தது. பராமரிப்புக்கும் அவ்வரியில் ஒரு பங்கு 2050 வரை போய்க்கொண்டிருக்கும். அரங்குகளுக்குத் தரும் பொதுப்பணம் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்குச் சொல்லத்தக்க பலன் எதையும் தருவதில்லை என்பதில், ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் காலம் தொட்டு, ஜார்ஜியாவிலேயே பணியாற்றும் ஜே.சி.பிராட்பரி வரை, பொருளியலாளர்களிடையே அரிதான ஒருமித்த கருத்து நிலவுகிறது.

2013 மார்ச்சில் நகரமன்றம் 11-4 என்ற வாக்கில் இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அண்டைப் பகுதிகளின் மேம்பாட்டுக்கு நகர மேம்பாட்டு அமைப்பும் பிளாங்கின் அறக்கட்டளையும் சேர்ந்து 3 கோடி டாலர் ஒதுக்கின. உணவு விலைக் குறைப்பு 2016-இல், எல்லாம் முடிவான பிறகு, உரிமையாளரின் அறிவிப்பாக வந்தது. அவர் விரும்பித் தந்தார். அவரோ அடுத்து வருபவரோ விரும்பினால் நிறுத்தலாம். கடன் பத்திரங்களுக்கோ அப்படியொரு விருப்பத் தெரிவு கிடையாது.

இன்று நாஷ்வில்லில் 126 கோடி டாலரும், பஃபலோவில் 85 கோடி டாலரும் புதிய கால்பந்து அரங்குகளுக்குப் பொதுப்பணமாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பணம் தரும் அரசுகள் குத்தகைப் பத்திரத்தில் கேட்டுப் பெறக்கூடியவை இரண்டு. முதலாவது, உணவு ஒப்பந்தத்தில் விற்பனைப் பங்கு முறை கூடாது என்ற நிபந்தனை. விலையைச் சட்டத்தால் கட்டுவதைவிட இது எளிது, அட்லாண்டா நடத்திக் காட்டியும் விட்டது. இரண்டாவது, ஒவ்வோர் ஆட்டத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கை இருக்கைகள், உரிமக் கட்டணமின்றி, உணவைப் போலவே நிலையான விலையில், ஆட்டத்தன்று உள்ளூர் மக்களுக்கு விற்கப்பட வேண்டும் என்பது. முதல் நிபந்தனைக்கு அணிகள் பெரிதாக மறுப்புச் சொல்ல மாட்டா. அதில் அவற்றுக்கும் ஆதாயம் உண்டு. பேரம் இரண்டாவதில்தான் முறியும், நகரங்கள் தம் வழக்கறிஞர்களை அனுப்ப வேண்டியதும் அங்குதான்.