பேய்ப் படத்துக்கு ஏன் இத்தனை கூட்டம்?

பேய் என்றால் எல்லோருக்கும் பயம். பேய்ப் படம் என்றால் எல்லோருக்கும் ஆசை!

மதுரையில் பேய்ப் படம் ஓடும் தியேட்டருக்குள் எட்டிப் பார்த்தால் இது தெரியும். பாட்டி, மருமகள், பேரன், பேத்தி என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். திரையில் கதவு "கிரீச்" என்று திறந்தால் போதும். குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். ஆனால், ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கும்!

திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து பஸ் ஏறி வந்து பார்க்கிறவர்கள் உண்டு. படம் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, வழியில் நிற்கும் புளிய மரத்தைப் பார்த்து நடையை எட்டிப் போடுகிறவர்களும் உண்டு.

காசு கொடுத்துப் பயத்தை வாங்குவானேன்? இதில் அப்படி என்ன ருசி?

வசூல் பேய்கள்

2005ஆம் ஆண்டு "சந்திரமுகி" வந்தது. சென்னை சாந்தி தியேட்டரில் அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 2007இல் ராகவா லாரன்சின் "முனி" வந்தது. 2011இல் "காஞ்சனா" வந்தது. 2014இல் சுந்தர் சி. எடுத்த "அரண்மனை" வந்தது. அதன் நாலாம் பாகம் 2024இல் வந்து நல்ல வசூல் கண்டது. அதே ஆண்டில் "டிமான்டி காலனி"யின் இரண்டாம் பாகமும் வந்தது.

ஒரு பேய் போனால் அடுத்த பேய் வருகிறது. பேய்க்கு ஓய்வே இல்லை!

சினிமாவில் மட்டும்தானா? மதுரையில் வாழ்ந்த எழுத்தாளர் இந்திரா சவுந்தர்ராஜனைத் தமிழ் வாசகர்கள் மறக்க மாட்டார்கள். மர்மக் கதை எழுதியே புகழ் பெற்றவர் அவர். 1990களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் வந்த "மர்மதேசம்" அவருடைய கதைதான். அதில் "விடாது கருப்பு" என்ற பகுதி வந்த நாளில், குதிரைக் குளம்பின் சத்தம் கேட்டாலே வீட்டில் பேச்சு நின்று போகும். தப்பு செய்தவனைக் கருப்பு சும்மா விடாது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. 2024 நவம்பரில் அவர் மதுரையில் காலமானார்.

ரத்தம் குடிக்கும் பிரபு

வெளிநாட்டிலும் இந்தப் பைத்தியம் உண்டு. அங்கே பேர்போன பேய் "டிராகுலா". 1897இல் அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவல் அது. டிராகுலா பகலில் சவப்பெட்டியில் படுத்துக் கிடப்பான். இரவில் எழுந்து வந்து, கழுத்தைக் கடித்து ரத்தம் குடிப்பான். நம் ஊரில் இதற்கு "ரத்தக் காட்டேரி" என்று பெயர்.

இது வெறும் கதையாக ஆரம்பித்தது அல்ல. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பாவின் கிழக்கே சில கிராமங்களில் ஜனங்கள் அடுத்தடுத்து நோயில் விழுந்து இறந்தார்கள். "முதலில் செத்தவன்தான் எழுந்து வந்து ரத்தம் குடிக்கிறான்" என்று ஊரார் நினைத்தார்கள். சவக்குழியைத் தோண்டினார்கள். பிணம் உப்பியிருந்தது. வாயில் சிவப்பாக வழிந்திருந்தது. "இதோ ரத்தம்!" என்று பிணத்தின் மார்பில் மரக்கட்டையை அடித்து இறக்கினார்கள்.

உண்மை என்ன? பிணம் அழுகும்போது உள்ளே வாயு சேரும். உடம்பு உப்பும். உள்ளே இருக்கும் திரவம் வாய் வழியாக வெளியே வரும். அவ்வளவுதான்!

1755இல் ஆஸ்திரிய நாட்டு ராணி மரியா தெரசா, தன் அரண்மனை டாக்டர் வான் சுவீட்டனிடம் இதைப் பற்றிக் கேட்டாள். "இது வீண் பயம்" என்று அவர் அறிக்கை கொடுத்தார். அதன்மேல், இஷ்டம்போல் சவக்குழியைத் தோண்டக் கூடாது என்று ராணி உத்தரவு போட்டாள். நிஜத்தில் பேய் வேட்டை அடங்கியது. கதையில் மட்டும் பேய் வளர்ந்தது!

நம் ஊர்ப் பேய் யார்?

டிராகுலா ஒரு பிரபு. மலை மேல் கோட்டை கட்டி வாழ்கிறவன். அவன் பிறர் ரத்தத்தைக் குடிக்கிறான். நம் ஊர்ப் பேய் அப்படி இல்லை.

தமிழில் ரத்தம் குடிக்கும் பேய்கள் பழைய காலத்திலேயே உண்டு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடிய "கலிங்கத்துப் பரணி"யில், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைத்துக் குடிக்கின்றன. படிக்கும்போது பயமும் வரும், சிரிப்பும் வரும். இன்றைக்குச் சினிமாவில் பேயையும் கோமாளித்தனத்தையும் கலப்பது புதிய சங்கதி அல்ல!

ஆனால், ஜனங்களின் வாயில் நின்ற பேய் வேறு. அவள் பழையனூர் நீலி.

திருவாலங்காட்டை ஒட்டிய ஊர் பழையனூர். முற்பிறவியில் கணவனே நீலியைக் கொன்றுவிட்டான். அவன் அடுத்த பிறவியில் வணிகனாகப் பிறந்து அந்த வழியே வந்தான். நீலி அவன் மனைவியைப் போல வேடம் போட்டு, கையில் பிள்ளையுடன் பின்தொடர்ந்தாள். ஊர்ச் சபையில் போய் அழுதாள். "உன் உயிருக்கு ஆபத்து வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று 70 வேளாளர்கள் வணிகனுக்கு வாக்குக் கொடுத்தார்கள். அவனை அவளுடன் தங்க வைத்தார்கள். அன்று இரவு நீலி அவனைக் கொன்று பழி தீர்த்தாள். சொன்ன சொல் தவறாமல் 70 பேரும் தீயில் இறங்கினார்கள்.

இன்றைக்கும் பொய்யாக அழுகிறவளை, "நீலிக் கண்ணீர் வடிக்கிறாள்" என்கிறோம். அவள் அழுதது மட்டும் நம் நினைவில் நிற்கிறது. அவள் கொலை செய்யப்பட்டவள் என்பது மறந்து போயிற்று!

கல்லும் சேலையும்

மதுரையைச் சுற்றி உள்ள பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி வைப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக நட்ட கல் அது. அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை, ஊரார் சுமையை இறக்கி வைப்பதால் அவள் ஆவி இறக்கி வைக்கும் என்பது நம்பிக்கை.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாகக் கும்பிடும் குடும்பங்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. பெட்டியில் சேலை வைத்துப் படைப்பார்கள். பொங்கல் வைப்பார்கள்.

ஆகவே, நம் ஊரில் பேய் ஆவது யார்? ஆயுசு முடியாமல் செத்தவள். அநியாயமாகச் செத்தவள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் செத்தவள். அவளைச் சமாதானம் செய்யாவிட்டால் ஊருக்கு ஆகாது என்று பெரியவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குள் ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கிறது.

இடைவேளைக்குப் பிறகு

இப்போது சினிமாவுக்கு வருவோம். பேய்ப் படத்தில் இடைவேளை வரைக்கும் பயம். இடைவேளைக்குப் பிறகு என்ன? "பிளாஷ்பேக்"!

பேயின் கதை அங்கேதான் வருகிறது. "முனி"யில் வரும் பேய், அரசியல்வாதியை நம்பி ஏமாந்து கொலையான குடிசைவாசி. "காஞ்சனா"வில் வருகிறவர் ஒரு திருநங்கை. நிலத்துக்காக அவரைக் கொன்று புதைத்துவிடுகிறார்கள். சரத்குமார் அந்த வேடத்தில் நடித்தார். திருநங்கையைக் கேலிப் பொருளாகவே காட்டி வந்த தமிழ் சினிமாவில், அவருக்காக ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள்.

முதல் பாதியில் எந்தப் பேயைப் பார்த்து அலறினார்களோ, அதே பேய் வில்லனின் கழுத்தைப் பிடிக்கும்போது கைதட்டுகிறார்கள். கோர்ட்டில் இழுத்தடிக்கும் நில வழக்கு, போலீசில் எடுபடாத புகார் எல்லாம் அங்கே இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்து விடுகிறது. பேய்ப் படம் பார்க்கப் போகிற கூட்டம், பயப்பட மட்டும் போகவில்லை. ஒரு தீர்ப்பைக் கேட்கவும் போகிறது!

விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளமும் இதே வேலையைத்தான் செய்தது. 1947இல் தொடங்கிய "அம்புலிமாமா" பத்திரிகையில் அதைப் படித்து வளர்ந்தவர்கள் பல லட்சம் பேர். 1870இல் இங்கிலாந்துக்காரர் ரிச்சர்டு பர்ட்டன் இந்தக் கதைகளை எழுதியபோது, வேதாளத்துக்கு "வாம்பயர்" என்றே பெயர் வைத்தார். "வாம்பயர்" என்றால் ரத்தக் காட்டேரி. ஆனால், நம் வேதாளம் ரத்தமா கேட்டது? கதையின் முடிவில் ஒரு நியாயம் கேட்டது! பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துச் சிதறும் என்றது.

நிஜத்தில் நடப்பது என்ன?

இங்கேதான் வேதனை. திரையில் பேயின் கதையை முழுவதும் கேட்கிறார்கள். வீட்டில் ஒரு பெண் "பேய் பிடித்தவள்" ஆகிவிட்டால், அவள் கதையை யாரும் கேட்பதில்லை!

கோடாங்கியை அழைக்கிறார்கள். உடுக்கை அடிக்கிறார்கள். "சொல்லு, நீ யார்?" என்று பேயிடம் கேட்கிறார்கள். "உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்று பெண்ணிடம் கேட்பதில்லை. சில இடங்களில் சாட்டையாலும் வேப்பங்குழையாலும் அடி விழுகிறது. உச்சி முடியைப் பிடித்துப் புளிய மரத்தில் ஆணி அடிப்பதும் உண்டு.

1990களில் இசபெல் நபோகோவ் என்ற ஆராய்ச்சியாளர் செஞ்சி வட்டாரத்தில் தங்கிப் பேயோட்டும் சடங்குகளைப் பார்த்தார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பலர், புதிதாகக் கல்யாணமான பெண்கள்! பழக்கம் இல்லாத வீடு, பிடிக்காத வாழ்க்கை. நேராகச் சொன்னால் "வாயாடி" என்ற பெயர் வரும். பேய் வந்து சொன்னால் ஊரே உட்கார்ந்து கேட்கும்.

எல்லாப் பெண்களுக்கும் காரணம் இதுவே என்று சொல்ல முடியாது. சிலருக்கு மனநோய் இருக்கும். சிலருக்கு வலிப்பு நோய் இருக்கும். மருந்து கொடுத்தால் குணமாகும் நோய்க்கு, அடி கொடுத்தால் என்ன ஆகும்?

ஏர்வாடி சொல்லும் பாடம்

மதுரைக்குத் தென்கிழக்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி இருக்கிறது. மனம் பேதலித்தவர்களைக் குணப்படுத்த வேண்டி, எல்லா மதத்தாரும் அங்கே வருவார்கள். 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி அதிகாலையில், அங்கு இருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தார்கள்.

நாடே பதறியது. சுப்ரீம் கோர்ட்டு தானே முன்வந்து விசாரித்தது. 2017இல் வந்த மனநலச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று திட்டமாகச் சொல்கிறது. கட்டுவது குற்றம்!

மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டில் இருந்தே ஆலோசனை கேட்க 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. தமிழிலேயே பேசுவார்கள். கோவிலுக்குப் போவதும், தர்காவுக்குப் போவதும் அவரவர் நம்பிக்கை. அதோடு டாக்டரிடமும் போவதை எந்தச் சாமியும் தடுக்கவில்லை.

கேட்கும் காது

"சந்திரமுகி"யில் கங்காவுக்கு வந்தது பேய் அல்ல, மனநோய். அதை ஒரு மனநல டாக்டர்தான் கண்டுபிடிக்கிறார். பேயோட்ட வந்தவரும் அவருக்கு ஒத்துழைக்கிறார். கங்காவை யாரும் அடிக்கவில்லை. அவள் மனசுக்குள் இருக்கும் சந்திரமுகி பழி வாங்கியதாக நம்பும்படி செய்கிறார்கள். ஒரு பொம்மை எரிகிறது. கங்கா பிழைக்கிறாள்.

கதைக்காகச் செய்த வைத்தியம் அது. டாக்டர்கள் அப்படியே செய்ய மாட்டார்கள். ஆனால், நோயாளியின் கதையைக் கடைசி வரை கேட்டார்களே, அது நிஜத்துக்கும் பொருந்தும்.

மதுரைக்கு இது புதிய பாடமா? கணவனை இழந்த கண்ணகி, தலைவிரி கோலமாகப் பாண்டியன் வாசலில் வந்து நின்றாள். காவல்காரனே அவளைக் கண்டு நடுங்கினான். ஆனாலும், பாண்டியன் அவளை விரட்டச் சொல்லவில்லை. "வரச் சொல்" என்றான். அவள் சொன்னதைக் கேட்டான். தன் தவறு தெரிந்ததும் உயிரை விட்டான். நீதி தவறிய அரசன்தான். ஆனாலும், வந்தவளிடம் விவரம் கேட்டான்.

பேய்ப் படம் பார்க்கட்டும். குழந்தைகள் அலறட்டும், சிரிக்கட்டும். தியேட்டரில் விளக்கு எரிந்ததும் அந்தப் பேய் போய்விடும். வீட்டில் ஒரு பெண் ராத்திரியில் தூங்காமல் அழுதால், தனக்குத் தானே பேசினால், சோறு இறங்காமல் கிடந்தால், உடுக்கையைத் தேடி ஓட வேண்டாம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். பிறகு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.