வளைவுக்கு என் பணம் வராது



நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே விட்டுவிடலாம். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களைக்கூட நான் எழுப்பியதில்லை, உங்களுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். ஊர் முகப்பில் வளைவு கட்டி, அதில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பெயருக்கு முன்னால் "மாமன்னர்" என்று போடப் போகிறார்களாம். பழைய மாணவர் குழுவில் தலைக்கு ஐயாயிரம் கேட்கிறார்கள். நான் தர முடியாது என்று ஒரு வரி போட்டேன். அன்றிலிருந்து மூன்று பேர் போனை எடுப்பதில்லை. அதில் ஒருவர் எனக்குப் பங்காளி முறை. "அரண்மனை மேல் வாத்தியாருக்கு என்ன காழ்ப்பு?" என்று கேட்டிருக்கிறார்கள்.

காழ்ப்பு எதுவும் இல்லை. அந்த மனிதரைப் பற்றி முப்பத்து நாலு வருஷம் பாடம் எடுத்தவன் நான். மன்னர் என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு.

இந்தச் சீமையில் மன்னர் என்றால் யார் என்று எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தேனே. 1772-ல் காளையார்கோயிலில் கும்பினிப் படையோடு சண்டை போட்டு உயிர் விட்ட முத்துவடுகநாதர். அந்த நாட்டை மீட்ட வேலுநாச்சியார். 1801-ல் திருப்பத்தூரில் தூக்கில் தொங்கிய மருது பாண்டியர்கள். ஆண்டவர்கள் இவர்கள், ஆண்டதற்கு விலையும் கொடுத்தார்கள்.

அண்ணாமலை செட்டியார் 1881-ல் கானாடுகாத்தானில் பிறந்தவர். லேவாதேவிக் குடும்பம். 1923-ல் வெள்ளைக்காரன் சர் பட்டம் கொடுத்தான். 1929-ல் செட்டிநாட்டு ராஜா என்று பரம்பரைப் பட்டம் கொடுத்தான். நாடே இல்லாத ராஜா! ஒரு சிப்பாய் கிடையாது, ஒரு எல்லைக்கல் கிடையாது. கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டில் உட்கார்ந்த அரசியல்வாதி, பெரிய வியாபாரி, பெரிய கொடையாளி. இந்த மூன்றும் சின்ன விஷயமா? எதற்கு நாலாவதாக ஒரு கிரீடம்?

அந்தப் பட்டமும் இப்போது செல்லாது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவைப் படியுங்கள். படை, கல்வி சார்ந்த சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது. அரசு கொடுக்கக் கூடாததை நாம் ஆளுக்கு ஐயாயிரம் போட்டு சிமெண்டில் எழுதப் போகிறோம்.

அயர்லாந்தில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் போன மாதம் ஒரு படம் அனுப்பினான். அங்கே ஏதோ ஒரு பிரபுவின் மாளிகை. "ஐயா, அப்படியே நம்ம கானாடுகாத்தான் மாதிரி இருக்கு. இவங்க மரியாதை குடுக்கற மாதிரி நாம குடுக்கறதில்ல" என்று எழுதியிருந்தான். தம்பி, கட்டடம் ஒன்று போலத்தான் இருக்கிறது. கதையும் கொஞ்சம் ஒன்று போலத்தான் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

சென்னையில் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். அந்தக் கன்னிமாரா ஓர் ஐரிஷ் பிரபு. ராபர்ட் பர்க் என்று பெயர், மேயோ பிரபுவின் மகன். அண்ணன் இந்தியாவின் வைசிராய். 1872-ல் அந்தமானில் ஒரு கைதி குத்திக் கொன்றான். தம்பி இங்கிலாந்தில் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய பதினெட்டு வருஷம் எம்.பி.யாக இருந்து, 1886-ல் நமக்குக் கவர்னராக வந்தார். கட்டியது டல்ஹௌசியின் மகளை. 1890-ல் அந்த அம்மாள் விவாகரத்து வாங்கினார், அதே ஆண்டில் இவரும் பதவியை விட்டுப் போனார். பிறந்தது ஓரிடம், எம்.பி. ஓரிடம், ஆண்டது ஓரிடம். அந்தக் கூட்டமே அப்படி. அயர்லாந்தில் உழுகிறவன் குத்தகை கொடுத்துக்கொண்டிருந்தான், நிலத்துக்காரர்களில் பலர் லண்டனில் இருந்தார்கள். கடைசியில் சண்டை போட்டு, சட்டம் வந்து, உழுதவன் நிலத்தை வாங்கினான்.

இப்போது நம் கதைக்கு வருவோம். எங்கள் ஐயா பதின்மூன்று வயதில் பர்மாவுக்குக் கப்பல் ஏறியவர். பெகுவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையன். பிறகு அடுத்தாள். மேலாள் ஆகும் முன்பே 1942-ல் ஜப்பான்காரன் வந்துவிட்டான், நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். அவர் திண்ணையில் சொல்லிக் கேட்டது: 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மாக்காரன் ஒருவன் வந்து நிலத்தை எழுதிக் கொடுத்தான். எழுதிக் கொடுத்துவிட்டு, அதே நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டான். "கைநாட்டு வெச்ச மை காயல அப்பச்சி, அதுக்குள்ள குத்தகை பேசினான்" என்று ஐயா சொல்வார். அந்த இடம் வந்ததும் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிடுவார்.

கணக்கும் இருக்கிறது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நம்மவர் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1930-களின் கடைசியில் நூற்றுக்கு 25. எல்லாம் ஏமாற்றி வாங்கியதில்லை. ஈட்டுக்கு வந்த நிலம். பணத்துக்குப் பதிலாக வந்தது. நம் ஆட்களுக்கே நிலம் வேண்டியதில்லை, பணம்தான் வேண்டும். ஆனாலும் உழுதவன் கண்ணுக்கு நாம் யாராகத் தெரிந்திருப்போம்? அயர்லாந்துக்காரனுக்குப் பிரபு தெரிந்த மாதிரிதான். 1948-ல் பர்மா சுதந்திரம் வாங்கிய கையோடு நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது.

பர்மா, இலங்கை, மலேயா என்று பரந்த அந்த வட்டிக்கடைப் பணத்தில்தான் நம் வீடுகளின் தேக்குத் தூண்களும் நிற்கின்றன, அரண்மனையும் நிற்கிறது. அதே பணத்தில்தான் சிதம்பரத்தில் 1920-ல் மீனாட்சி கல்லூரி வந்தது, 1929-ல் பல்கலைக்கழகம் ஆனது. இருபது லட்சம் ரூபாய் கொடுத்தார். 1929-ல் இருபது லட்சம்! தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்ட காலத்தில் தமிழுக்கு நாற்காலி போட்டார். கச்சேரியில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாகத்தான் வரும் என்றிருந்த காலத்தில் தமிழிசைக்குப் பணம் கொடுத்து, பெரிய சபாக்காரர்களின் எதிர்ப்பையும் வாங்கிக்கொண்டார். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. எந்த மன்னர் கட்டளையும் போட்டு நடந்ததில்லை இது. பிடிவாதம் பிடித்த ஒரு வியாபாரி செய்தது. வளைவில் எழுத வேண்டுமானால் இதை எழுதுங்கள், நானே எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன்.

மகன் முத்தையா செட்டியாருக்கு வருவோம். 1933-ல் சென்னையின் முதல் மேயர். ஜஸ்டிஸ் கட்சி. 1936-37-ல் மந்திரி. அப்போது ஓட்டு யாருக்கு இருந்தது? வரி கட்டுகிறவருக்கும் படித்தவருக்கும். எங்கள் அப்பத்தாவுக்கு இல்லை. அவள் 1952-ல்தான் முதல் ஓட்டுப் போட்டாள். 1957-ல் முத்தையா செட்டியார் காங்கிரஸ் வேட்பாளராக நின்றபோது காரைக்குடி அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. 1962-ல் அதே காரைக்குடி, சுதந்திராக் கட்சியில் நின்ற கம்பன் அடிப்பொடி சா. கணேசனை அனுப்பியது.

இந்த இடத்தைத்தான் நான் வகுப்பில் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? "ராஜா சர்" வாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்டார். அப்பத்தா கொடுத்தாள். அடுத்த தடவை ஊர் வேறு ஆளுக்குக் கொடுத்தது. மன்னரை அப்படி மாற்ற முடியுமா? அப்பத்தாவுக்குக் கிடைத்த அந்த ஒரு விரல் மையை, நீங்கள் மாமன்னர் என்று எழுதி அழிக்கிறீர்கள். என் கோபம் முழுக்க இதுதான்.

இப்போதும் அந்த வழியில் வந்தவர்கள் அரசியலில் இருக்கிறார்கள். ப. சிதம்பரம், அண்ணாமலை செட்டியாரின் மகள் வயிற்றுப் பேரன். சிவகங்கையில் ஏழு தடவை ஜெயித்தார், 1999-ல் தோற்றார். அவர் மகன் 2014-ல் தோற்று, 2019-லும் 2024-லும் ஜெயித்தார். பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, தோற்கடிக்க முடிகிற குடும்பம் அது. பரம்பரை என்று சொல்லிச் சொல்லியே அதையும் விட்டுவிடாதீர்கள்.

"பெரிய வீட்டுக்கு மரியாதை வேண்டாமா" என்று கேட்ட அயித்தானுக்கு ஒரு வார்த்தை. இங்கேயே கோட்டையூரில் பிறந்தவர் அழகப்ப செட்டியார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். கல்லூரிகளுக்குக் கொடுத்துக் கொடுத்தே 1957-ல் நாற்பத்தெட்டு வயது நிறையும் முன் போய்விட்டார். அவரை யாரும் மன்னர் என்பதில்லை, வள்ளல் என்கிறோம். மரியாதை குறைந்துவிட்டதா?

சிதம்பரம் பல்கலைக்கழகம் பணமுடையில் தள்ளாடி, 2013-ல் தமிழக அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. அப்போது இந்தக் குழுவில் எத்தனை பேர் வருத்தப்பட்டு ஒரு வரி எழுதினீர்கள்? 2015-ல் அந்த வீட்டில் பிள்ளை கூட்டிய விவகாரம் பேப்பரில் வந்தபோது மட்டும் நாளுக்கு நாற்பது பார்வர்டு வந்தது. எனக்கே வந்தது.

ஆகவே, மாமன்னர் என்ற சொல்லை எடுத்தால் ஐயாயிரம் என்ன, பென்ஷனில் பத்தாயிரம் தருகிறேன். கல்வெட்டில் பர்மா என்ற சொல் ஒரு தடவையாவது வர வேண்டும். எடுக்காவிட்டால் என் பெயரை நன்கொடைப் பட்டியலில் போடாதீர்கள், கௌரவத் தலைவர் என்றும் போடாதீர்கள்.

சண்டை போட வருகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். போனை எடுக்காத பங்காளியும் வரலாம். வீட்டு ஆச்சி கந்தரப்பம் சுடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.