மனக் காயத்துக்கும் லீவு வேண்டும்

ஆடைத் தொழிற்சாலையிலே ஒரு பெண்ணின் விரலில் தையல் ஊசி ஏறிவிட்டால், அடுத்த மெசினில் இருப்பவள் ஓடி வருகிறாள்; மேற்பார்வையாளர் முதலுதவிப் பெட்டியைத் திறக்கிறார்; ஆஸ்பத்திரிக்கு வாகனம் புறப்படுகிறது. அதே பெண், பல இரவுகள் நித்திரையின்றிக் கிடந்து, நெஞ்சு படபடக்கக் கை நடுங்க வேலைக்கு வந்து, தையல் பிழைத்துப்போய் நிற்கும்போது, ‘உனக்கென்ன விசரே?’ என்ற ஏச்சே அவளுக்குக் கிடைக்கிறது. இந்தப் பாரபட்சத்துக்கு எந்த நியாயமும் இல்லை என்பது நமது திடமான அபிப்பிராயம்.

2009 மே மாதத்தில் இலங்கையில் யுத்தம் ஓய்ந்தபோது, ஸ்கந்தபுரமும் அக்கராயனும் வெறிச்சோடிக் கிடக்க, வன்னிச் சனங்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். காயப்பட்டவர்கள் தனி மனிதர் மாத்திரமல்லர், குடும்பமும் சமூகமுமே காயப்பட்டன என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அடுத்த ஆண்டிலேயே ஆராய்ந்தெழுதினார். அந்தச் சனங்கள்தாம் பின்னர் தொழிற்சாலைகளிலும் பாடசாலைகளிலும் கச்சேரியிலும், முகமாலைப் பக்கத்துக் கண்ணிவெடி அகற்றும் பணியிலும் சேர்ந்தார்கள். ஏசுகிறவரும் ஏச்சு வாங்குகிறவளும் பெரும்பாலும் ஒரே பாதையால் நடந்து வந்தவர்களாக இருக்க, ஒருவர் அவமானமென்று ஒளிப்பதையே மற்றவரும் ஒளித்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது மனம் பதறுகிறது.

சிகிச்சை இல்லாமலில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் உளநலக் கிளினிக் உண்டு, மருந்தும் இலவசம். ஆனால் கிளினிக் நடப்பது வேலை நாளில். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு நாள் வராவிட்டாலும் பல இடங்களில் வரவுக் கொடுப்பனவு வெட்டுப்படும். கணவனை இழந்து, பிள்ளைகளின் படிப்பையும் கிழமைக் கடனையும் தனியே சுமப்பவள், அந்தக் காசை இழப்பதா மருந்தை விடுவதா என்று யோசித்து, கிளினிக் கொப்பியை உடுப்புப் பெட்டியின் அடியிலே வைத்துவிட்டு விடியற்காலை பஸ் ஏறுவாளாயின், அந்தக் குற்றம் அவளுடையதன்று.

கிளினிக் நாளில் லீவு கொடுத்தால் அதைத் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்று முதலாளிமார் ஆட்சேபிப்பர். காய்ச்சல் என்று பொய் சொல்லி நிற்கும்படி இன்று அவர்களே தொழிலாளரைத் தூண்டுகிறார்கள் என்பதையும், மருந்து தவறி, தொழில் பழகிய கைகள் வேலையை விட்டுப் போவதால் வரும் நஷ்டத்தையும் அவர்கள் கணக்கிலெடுக்கட்டும்.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உள இயலாமை உள்ளவர்களையும் வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டலாகாதென்கிறது. அது வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்கள் நிலைப்பதற்கு வழி வேண்டும். நோயின் பெயர் எழுதப்படாத வைத்தியரின் துண்டொன்று இருந்தால், கிளினிக் நாளுக்குச் சம்பளமும் கொடுப்பனவும் குறையாத லீவு கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர்களுக்கு உளவளத்துணையாளர்களைக் கொண்டு பயிற்சியளிக்க வேண்டும். தனியாரை வற்புறுத்துமுன் வட மாகாண நிர்வாகம் தன் அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் இதற்கான சுற்றறிக்கையை இவ்வாண்டே அனுப்பட்டும்.