கடல்கட்டியும் பூஞ்சாணமும்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் 'கடல்கட்டி' என்பதாக ஒருவர் இருந்து வந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டிவிடுவது அவருடைய உத்தியோகம். மூச்சை அடக்கி மூழ்கியவர் கொண்டுவந்த சிப்பியில் அவருக்கும் ஒரு பங்குண்டு. சுறா வராவிட்டால் மந்திரத்தின் மகிமை. வந்துவிட்டாலோ அதற்கும் ஒரு சமாதானம் தயாராயிருக்கும். தூத்துக்குடியில் 1961-க்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் கடல்கட்டிகள் ஒழிந்தார்களா என்பதுதான் நமது கேள்வி.

கடலை விட்டு வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் காட்டுக்குப் போவோம். அங்கே மக்காச்சோளத்தை நம்பிக் கடன்பட்ட குடியானவர்கள் ஏராளம். 2018-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அவ்வாண்டே தமிழ்நாட்டிலும் புகுந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்றது. இதற்கு நேர்ந்துகொள்வதா, விஷத்தை வாரி இறைப்பதா, அல்லது புழு எதனால் சாகும் என்று ஆராய்வதா?

ஆராய்ந்தவர்கள் உண்டு. அதே 2018-ல் கர்நாடக வயல்களில் படைப்புழுக்கள் விறைத்து, வெளிர்பச்சைத் தூள் பூத்துச் செத்துக் கிடந்ததைக் கண்டார்கள். அது எந்தச் சாமியின் கோபமுமல்ல. மெட்டாரைசியம் என்னும் பூஞ்சாணப் பேரினத்தைச் சேர்ந்த ஒன்றின் வேலை. அதன் வித்து புழுவின் தோலில் ஒட்டி முளைக்கிறது. தோலைக் கரைத்துத் துளைத்து உள்ளே போகிறது. உடம்பைத் தின்று கொன்று, மறுபடி வெளியே வந்து வித்துவிடுகிறது. புழு அதைத் தின்னவேண்டிய அவசியங்கூட இல்லை. இவ்வினத்துப் பூஞ்சாணத்தைக் கோதுமை வண்டின்மீது 1879-லேயே ருஷிய விஞ்ஞானி மெச்னிகாஃப் சோதித்துப் பார்த்தார்.

நிற்க, இதையும் ஒரு மந்திரமாக்கிவிடக் கூடாது. அடித்த அன்றே புழு சாகாது. பல நாள் செல்லும். காற்றில் ஈரம் வேண்டும். கடும் வெயில் வித்தைக் கொன்றுவிடுமாதலால் மாலையில்தான் அடிக்கவேண்டும். பூஞ்சாணக் கொல்லியோடு கலந்தால் இதுவும் சாகும். புழு பெருத்துக் குருத்துக்குள் புகுந்து எச்சத்தால் அடைத்துக்கொண்ட பிறகு அடித்தால் பலன் குறைவே. பொட்டலத்தில் கிராமுக்கு 10 கோடி உயிருள்ள வித்தாவது இருக்கவேண்டும் என்பது சர்க்கார் விதி. காலங்கடந்தும் சூட்டில் கிடந்தும் வித்து செத்துப்போன பொடியை 'இயற்கை மருந்து' என்று விற்பவர்தான் இன்றைய கடல்கட்டி என்போம். காசும் போகிறது, பயிரும் போகிறது. பழி மட்டும் குடியானவர் தலையில்.

பயிரோடு மட்டும் இந்த நஷ்டம் நிற்பதில்லை. பூஞ்சாணம் பொய்த்தால் அடுத்து எடுப்பது கடும் விஷம். அதைத் தோளில் சுமந்து அடிப்பது பெரும்பாலும் கூலியாள். 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மாள் பருத்திக் காடுகளில் பூச்சிமருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். பூஞ்சாணம் மனிதரைப் பொதுவாகத் தாக்குவதில்லை. ஆயினும் தூள் மூக்கிலேறாமல் காத்துக்கொள்ளவேண்டும். ஆகவே நல்ல வித்து கிடைப்பது கூலியாளின் உயிர்ப் பிரச்சினையுமாகும்.

எனவே, கடைப் பொட்டலங்களை அடிக்கடி எடுத்துச் சோதித்து, முடிவைத் தமிழில் ஊரறியப் போடும்படி சர்க்காரைக் கேட்கிறோம். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் இதில் முன்னிற்கத் தகுந்தவை.

தோழர்களே! நாம் சொல்வதையும் அப்படியே நம்பவேண்டாம். பாதிக் காட்டில் அடித்து, பாதியை விட்டுவைத்து, பத்து நாள் கழித்து இரண்டிலும் புழுவை எண்ணிப் பாருங்கள். வித்தியாசமில்லையென்றால் பொட்டலத்தோடு நமது பேச்சையும் தள்ளிவிடுங்கள். எந்தக் கடல்கட்டியாவது இந்தச் சோதனைக்குச் சம்மதித்ததுண்டா?