பணத்துக்குச் சாதி இல்லையா?

“பணத்துக்குச் சாதி கிடையாது; யார் கையில் இருந்தாலும் நூறு ரூபாய் நூறு ரூபாய்தான்” என்று பொருளாதாரம் படித்த நண்பர்கள் சொல்வதுண்டு. தலித் மக்கள் கொடுத்த காசைத் தரையில் வைக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்து எடுத்த கடைகள் இந்த நாட்டில் இருந்தன. மீதிச் சில்லறையைக் கைபடாமல் மேலிருந்து போட்டார்கள். காசின் மதிப்பு ஒன்றுதான். அது கைமாறிய விதத்தில் சாதி இருந்தது.

பணத்தின் வரலாற்றையும் பொருளையும் பேசும் பயிலரங்குகள் நம் குடியிருப்புகள்தோறும் நடக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். முனைவர் பட்ட ஆய்வுக்கு இடையே இப்படியான மாலை நேரக் கூட்டங்கள் சிலவற்றில் பங்கெடுத்திருக்கிறேன். அங்கே பாடநூல் சொல்லும் கதை முதல் பத்து நிமிடத்தைக்கூடத் தாண்டுவதில்லை.

ஒருவர் நெல் கொடுத்தார், இன்னொருவர் உப்பு கொடுத்தார், பிறகு வசதிக்காகக் காசு வந்தது என்கிறது பாடநூல். பறையடித்தவருக்கும், செத்த மாட்டை அகற்றியவருக்கும், துணி வெளுத்தவருக்கும் களத்துமேட்டில் அளந்து போட்டது பண்டமாற்றா? வாசலுக்கு வெளியே நின்று வாங்கிய பழைய சோறு பண்டமாற்றா? பண்டமாற்றில் இருவருமே பேரம் பேசலாம், கட்டுப்படியாகாவிட்டால் விலகலாம். இங்கே அளவை ஒரு தரப்பு மட்டுமே தீர்மானித்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் அந்த மக்கள் கேட்டது கூலி நெல்லில் கொஞ்சம் உயர்வு. அளவையைத் தொட்டதற்கே அந்தத் தண்டனை.

எனவே, முற்போக்கு வட்டங்களிலும் இப்போது தலைகாட்டும் ‘பணமில்லாத பழைய கிராமம்’ என்ற ஏக்கத்தை நாம் சந்தேகிக்க வேண்டும். மீந்த சோற்றைக் கூலியாக வாங்கியவரின் பேத்திக்கு அந்த ஏக்கம் வராது. கூலி காசாகக் கிடைத்தபோதுதான் எந்தக் கடையில் வாங்குவது, எந்த ஊருக்குப் பேருந்து ஏறுவது என்பதை அவர்களே முடிவு செய்ய வழி பிறந்தது.

ஆனால் அதே பணம் முன்பணமாக வரும்போது விலங்காகிறது. செங்கல் சூளையில் ‘அட்வான்ஸ்’ வாங்கிய குடும்பம் அது கழியும்வரை வெளியேற முடியாது. 1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தர வேண்டிய கடமையே கிடையாது. இதை அறியாமல் அடுத்த தலைமுறையும் அந்தக் கடனைச் சுமக்கிறது.

தண்டலை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் கடன் என்று எழுதி, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் தருகிறார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு 15 சதவீத வட்டி. அசல் தினமும் குறைந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுத்தால், ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும். கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டும்போது கூட்டம் சற்று நேரம் பேசுவதில்லை. பிறகு தங்கள் வீட்டுக் கடன் அட்டைகளை எடுத்து வருகிறார்கள்.

வங்கிகள் நடத்தும் நிதி விழிப்புணர்வு முகாம்கள் சிக்கனமாக இரு, சேமி என்கின்றன. கூலி ஏன் குறைவு, வங்கிக் கதவு யாருக்கு எளிதில் திறக்கிறது என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. நம் பயிலரங்கு அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

இதற்கு நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். அண்ணல் அம்பேத்கர் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் செய்த ஆய்வு, ரூபாயின் சிக்கலைப் பற்றிய நூலாக 1923இல் வெளிவந்தது. ரூபாயின் மதிப்பு சரிந்தபோது ஏற்றுமதியாளர்கள் லாபம் அடைந்தார்கள். விலை ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை. அந்த லாபத்தின் ஒரு பகுதி உழைப்பாளியின் தட்டிலிருந்து போனது என்பதை அவர் கண்டார். நாணயக் கொள்கையை உழைப்பவர் பக்கம் நின்று பார்த்த பார்வை அது. நாமோ ரிசர்வ் வங்கியை உருவாக்கியவர் அவர்தான் என்று ஏப்ரல் 14 அன்று ஒரு மீம் பகிர்ந்துவிட்டு அந்த நூலைத் திறக்காமலே கடந்துவிடுகிறோம்.

அடுத்த அம்பேத்கர் பிறந்தநாளில் மாலை அணிவித்த பிறகு இரண்டு மணி நேரம் உட்காருவோம். ஒரு கரும்பலகை, சில கடன் அட்டைகள், பண்ணையில் வேலை பார்த்த முதியவர் ஒருவர், பட்டப்படிப்பு முடித்த இளைஞர் ஒருவர் போதும். களத்துமேட்டில் அளந்தவர் யார் என்பதை முதியவர் சொல்லட்டும். இன்று அளப்பவர் யார் என்பதை இளைஞர் கணக்குப் போட்டுக் காட்டட்டும்.