கரகரக்கும் குரலில் ழகரம் எங்கே?



2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபின், ஆசிரியர் பலரும் வீட்டிலிருந்தே பாடக் காணொளி தயாரிக்கப் பழகினோம். நல்ல பழக்கமே. ஆயினும், அவற்றுள் பலவற்றில் குரல் கரகரக்கிறது. படம் மங்கினால் பிள்ளை பாடநூலைப் பார்த்துக்கொள்ளும். ஒலி சிதைந்தால் ல, ள, ழ வேறுபாட்டை எதைக் கேட்டுக் கற்கும்? வீட்டில் தமிழ் பேசாத பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கரகரப்பின் முதற்காரணம், பதிவின்போதே ஒலியளவு எல்லை மீறுவது. எண்ணிம ஒலிப்பதிவில் 0 டெசிபல் என்பதே உச்சவரம்பு. அதற்கு மேல் எழும் அலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். பிறகு ஒலியைக் குறைத்தால் சத்தம் தணியுமே தவிர, வெட்டுப்பட்டது மீளாது. இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் 'கிளிப் ஃபிக்ஸ்' என்றொரு வசதி உண்டு. இழந்த முகட்டை அது ஊகித்தே வரைகிறது. ஓரிரு சொற்களுக்கு அது போதும். பாடம் முழுவதற்கும் போதாது. மீண்டும் பதிவு செய்வதே முறை என்பேன். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வையாமல், ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்து, உச்சம் -6 டெசிபலைத் தாண்டாதவாறு பேசுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் வெக்கையில் மின்விசிறியை நிறுத்துவது கொடுமைதான்! ஐந்து நிமிடம் பொறுக்கலாம். இரைச்சல் நீக்கும் வசதியை மிகையாகப் பயன்படுத்தினால், விசிறியின் ஓசையோடு சகரத்தின் கூர்மையும் போய்விடும்.

பின்னணி இசையா? குரலோடு சேரும்போது அதுவும் அளவைக் கூட்டி எல்லை மீறச் செய்யும். செய்யுள் பகுதியிலாவது அறவே நீக்குங்கள். பெற்றோரும், பிள்ளைகளின் போட்டிக் காணொளியை அனுப்புமுன் காதொலிப்பானில் ஒருமுறை கேளுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி பல குறைகளை மறைத்துவிடும்.